நீச்சல் குளத்துக்கு எபாக்சி பெயிண்ட்: இரண்டு முறை அடித்தவனின் கணக்கு

கிழக்குக் கடற்கரைச் சாலையில் கோவளம் தாண்டி ஒரு பழைய வீட்டை வாங்கினோம். வீட்டோடு ஒரு நீச்சல் குளமும் வந்தது. 24 அடி நீளம், 12 அடி அகலம், ஒரு முனையில் மூன்றரை அடி ஆழம், மறுமுனையில் ஐந்தடி. வெளிறிப்போன நீலப் பெயிண்ட் அங்கங்கே உரிந்து கிடந்தது. என் மகள் அதைப் பார்த்த நாளிலிருந்து வேறு பேச்சே பேசவில்லை. டைல்ஸ் ஒட்ட ஒருவரிடம் விலை கேட்டேன். ஒன்றரை லட்சம் என்றார். பெயிண்ட் அடித்தால் நாற்பதாயிரத்துக்குள் முடியும் என்றார் இன்னொருவர். நான் யார் பேச்சைக் கேட்டிருப்பேன் என்று சொல்லவே வேண்டாம். கடைசியில் எனக்கு ஆன செலவு 1,14,000 ரூபாய். நடுவில் நான்கு மாதம் போனது. வீட்டில் என் பேச்சுக்கு இருந்த கொஞ்சநஞ்ச மரியாதையும் போனது.

முதல் முறை ஜனவரியில், பொங்கல் முடிந்த கையோடு ஆரம்பித்தோம். மழை விட்டுவிட்டது, வெயிலும் கடுமையாக இல்லை, இதுதான் சரியான நேரம் என்று நினைத்தேன். குளத்தில் தேங்கியிருந்த பச்சைத் தண்ணீரை மோட்டார் வைத்து இறைத்தோம். பெயிண்டர் அண்ணன் நல்ல மனிதர், வீடுகளுக்கு இருபது வருடமாகப் பெயிண்ட் அடிப்பவர். ஆனால் குளம் அவருக்கும் புதிது. இதை அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. பெயிண்ட் கடையில் "நீச்சல் குளத்துக்கு எபாக்சி வேணும்" என்றேன். எபாக்சி என்பது காய்ந்தால் கல்லுபோல் இறுகும் ஒரு வகைப் பெயிண்ட். "எபாக்சின்னா எபாக்சிதான் சார், தண்ணி உள்ளேயே போகாது" என்று ஒரு டப்பாவை எடுத்து வைத்தார்கள். அது தொழிற்கூடத் தரைக்கு அடிப்பது என்பது பிறகுதான் தெரிந்தது. அதே கடையில் இன்னும் மலிவாக ஒன்று இருக்கிறது என்று தார் கலந்த கறுப்பு எபாக்சியையும் காட்டினார்கள். நிறம் பிடிக்காததால் வாங்கவில்லை. அது இரும்புக் குழாய்க்கும் கழிவுநீர்த் தொட்டிக்கும் போடுவது, மனிதர் குளிக்கிற இடத்துக்கு ஆகாது. என் ரசனை என்னைக் காப்பாற்றிய ஒரே சமயம் அது.

உரிந்த இடங்களைச் சுரண்டி, மீதியை உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, ஆசிட் ஊற்றிக் கழுவினார்கள். நான் கரையில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். சில இடங்களில் ஆசிட் பட்டதும் சோடா பாட்டில் திறந்ததுபோல் நுரைத்தது. பெரும்பாலான இடங்களில் சும்மா வழிந்து ஓடியது. அதை நான் நன்றாகக் கவனித்தேன். என்ன அர்த்தம் என்றுதான் தெரியவில்லை. ஆசிட் வேலை செய்வது சிமெண்டின் மேல். அது சிமெண்டைக் கொஞ்சம் அரித்துச் சொரசொரப்பாக்கினால்தான் பெயிண்ட் பிடித்துக்கொள்ளும். நுரை வரவில்லை என்றால் அந்த இடத்தில் இன்னும் பழைய பெயிண்டோ எண்ணெய்ப் பிசுக்கோ இருக்கிறது. குளம் முழுக்க அப்படி எழுதி ஒட்டியிருந்தது. எனக்குத்தான் படிக்கத் தெரியவில்லை.

இரண்டு நாள் காயவிட்டு பிரைமர், அடுத்தடுத்த நாட்களில் இரண்டு கோட். மதிய வெயிலில், குளத்துக்குள் இறங்கி, வாயில் துண்டைக் கட்டிக்கொண்டு அடித்தார்கள். இரண்டாம் நாள் ஒரு பையன் தலை சுற்றுகிறது என்று வெளியே வந்து உட்கார்ந்துவிட்டான். தின்னர் ஆவி காற்றைவிடக் கனமானது. குளம் ஒரு குழி. ஆவி அங்கேயே தேங்கி நிற்கும். துணி அதை வடிகட்டாது. ரசாயன ஆவிக்கென்றே கார்ட்ரிட்ஜ் வைத்த முகமூடி இருக்கிறது. அதை வாங்கிக் கொடுக்காதது என் தப்பு, பணக் கணக்கில் வராத தப்பு. குளத்துக்குள் ஒருவர் இறங்கினால் மேலே ஒருவர் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டும், பக்கத்தில் பீடி, சிகரெட், தீப்பொறி எதுவும் கூடாது.

அடித்து முடித்த அன்று குளம் அவ்வளவு அழகாக இருந்தது. நான்காம் நாளே மூன்று டேங்கர் தண்ணீரை இறக்கினோம். ஒவ்வொன்றும் 12,000 லிட்டர், 2,000 ரூபாய். மகள் குதித்தாள். சொந்தக்காரர்கள் வந்தார்கள், போட்டோ எடுத்தார்கள்.

ஒரு மாதத்தில் மகளின் உள்ளங்கால் லேசாக நீலமாக இருப்பதை என் மனைவிதான் முதலில் பார்த்தாள். மார்ச் முதல் வாரத்தில் சுவரில் ஒரு ஓரம் தூக்கிக்கொண்டது. கையால் பிடித்து இழுத்தேன். ஈர அப்பளம்போல ஒரு முழ நீளத்துக்கு வந்தது. அதன் முதுகில் பழைய வெளிர்நீலப் பெயிண்டும் ஒட்டிக்கொண்டு வந்தது. ஆழமான பக்கத்தில் தரை முழுக்க அம்மை போட்டதுபோல் கொப்புளம். தண்ணீரை இறக்கிவிட்டு ஒரு கொப்புளத்தை நகத்தால் குத்தினேன். உள்ளேயிருந்து ஒரு சொட்டுத் தண்ணீர் எகிறி என் கன்னத்தில் பட்டது, தின்னர் வாடையோடு. குளத்துத் தண்ணீர் மேலே இருக்கும்போது பெயிண்டுக்கு அடியில் தண்ணீர் எப்படி வந்தது? அன்றிரவு தூக்கம் வரவில்லை. பெயிண்டரைத் திட்டலாம் என்று போனை எடுத்தேன், கடைக்காரரைத் திட்டலாம் என்று நினைத்தேன். கடைசியில் யாரையும் திட்டவில்லை. 38,000 ரூபாய் தண்ணீரில் போனது என்று எழுதி வைத்துக்கொண்டேன். வேறு என்ன செய்ய.

எங்கள் தெருவில் ஒரு பெரியவர் இருக்கிறார். கப்பல் பழுதுபார்க்கும் இடத்தில் பெயிண்ட் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். நடைப்பயிற்சி போகிற வழியில் மதில் மேலே எட்டிப் பார்த்து, "இன்னா தம்பி, உரிச்சிக்கிச்சா?" என்றார். உள்ளே கூப்பிட்டேன். குளத்தைப் பார்ப்பதற்கு முன்னால் அவர் நேராகக் கொல்லைக் கிணற்றுக்குப் போனார். எட்டிப் பார்த்துவிட்டு, "ஜனவரில தண்ணி எங்க இருந்துச்சு?" என்று கேட்டார். நாலடியில் இருந்தது என்றேன். "உன் கொளம் அஞ்சடி ஆழம். அப்போ கொளம் தண்ணியிலதான் உக்காந்துட்டு இருந்துச்சு. வெளியில இருந்து தண்ணி உள்ள தள்ளுது, நீ உள்ளேயிருந்து பெயிண்ட் அடிக்கிற. எப்படி நிக்கும்?" என்றார். கொப்புளத்துத் தண்ணீர் எங்கிருந்து வந்தது என்பது அப்போது புரிந்தது. அடுத்து அவர் சொன்னதுதான் வயிற்றைக் கலக்கியது. நிலத்தடி நீர் மேலே இருக்கும்போது குளத்தைக் காலி செய்தால், உள்ளே எடை இல்லாததால் குளமே மேலே தூக்கிக்கொள்ளும், இல்லையென்றால் தரை வெடிக்கும். "காலி கொளமும் ஒரு படகுதான் தம்பி" என்றார். எங்கள் குளம் தப்பித்தது அதிர்ஷ்டம். வடகிழக்குப் பருவமழை டிசம்பரில் ஓய்ந்தாலும் கடற்கரை மணலில் தண்ணீர் இறங்கப் பல வாரம் ஆகிறது. உங்கள் பக்கம் எப்படியோ, பக்கத்துக் கிணற்றில் கயிறு விட்டு அளந்துவிட்டு, தண்ணீர் குளத்தின் அடிமட்டத்துக்கும் நன்றாகக் கீழே போன பிறகு காலி செய்யுங்கள். எங்களுக்கு ஏப்ரல் முதல் வாரத்தில் பதினோரு அடிக்குப் போனது. அதுவரை கையைக் கட்டிக்கொண்டு காத்திருந்தேன்.

சுவர் உரிந்ததற்குக் காரணம் வேறு. பெரியவர் கொஞ்சம் பஞ்சும், ஸ்பிரிட்டும், சைலீனும் வாங்கி வரச் சொன்னார். சைலீன் பெயிண்ட் தின்னர் விற்கும் கடையில் கிடைக்கிறது. பழைய வெளிர்நீலப் பெயிண்ட் மிச்சமிருந்த இடத்தில் முதலில் ஸ்பிரிட்டில் நனைத்த பஞ்சை வைத்துத் தேய்த்தார். ஒன்றும் ஆகவில்லை. பிறகு சைலீன் பஞ்சை வைத்துச் சில நிமிடம் அழுத்திப் பிடித்தார். எடுத்தபோது பஞ்சு நீலமாக இருந்தது, சுவரில் அந்த இடம் பிசுபிசுத்தது. அப்படியானால் அது குளோரினேட்டட் ரப்பர் பெயிண்ட். ஸ்பிரிட்டுக்கே கரைந்திருந்தால் அக்ரிலிக். இரண்டுக்கும் அசையாமல் இருந்தால் எபாக்சி. இந்தச் சோதனைக்கு ஆன செலவு இருநூறு ரூபாய்கூட இல்லை. ரப்பர் பெயிண்டின் மேல் எபாக்சி அடித்தால் எபாக்சியில் இருக்கும் கரைப்பான் கீழே இருப்பதை இளக்கிவிடும். இளகினதன் மேல் கல்லுபோன்ற ஒரு படலம் உட்கார்ந்தால் எத்தனை நாள் தாங்கும்? பழையது எபாக்சியாக இருந்து நன்றாகப் பிடித்தும் இருந்தால் சொரசொரப்பாகத் தேய்த்துவிட்டு மேலேயே எபாக்சி அடிக்கலாம். வேறு எதுவாக இருந்தாலும் எபாக்சிக்கு முன்னால் வெறும் சிமெண்ட் தெரிகிறவரை எடுத்தே ஆக வேண்டும். அதற்கு மனமோ பணமோ இல்லையென்றால் மறுபடியும் ரப்பர் பெயிண்டே அடித்துவிட்டுப் போவது நல்லது. எபாக்சி அளவுக்கு உழைக்காது, சில வருடத்தில் திரும்ப அடிக்க வேண்டியிருக்கும். ஆனால் உரியாது. இதை யாராவது ஜனவரியில் சொல்லியிருந்தால் நான் அப்படித்தான் செய்திருப்பேன். இப்போது என் புது எபாக்சியும் கீழே இருந்ததால் எனக்கு வேறு வழி இல்லாமல் போனது.

எடுக்கிற வேலை இருக்கிறதே, அதைப் பற்றி யாரும் பேசுவதில்லை. கிரைண்டரில் வைரக் கப் வீல் மாட்டி இரண்டு பேர் நான்கு நாள் தேய்த்தார்கள். நீலத் தூசி எங்கள் வீட்டுச் சட்டிக்குள்ளும் பக்கத்து வீட்டுத் துணி மேலும் படிந்தது. அவர்களிடம் நானும் மனைவியும் போய் மன்னிப்புக் கேட்டோம். கூலி, கிரைண்டர் வாடகை, வீல் எல்லாம் சேர்த்து 19,000 ரூபாய். பிறகு வெடிப்புகளைச் சிமெண்டால் அடைத்தோம். சின்னச் சின்ன ஒட்டுதான். ஆனாலும் அவை ஆறுகிறவரை ஒரு வாரத்துக்கு மேல் விட்டோம். புதிதாகக் குளம் முழுக்கப் பூச்சு வேலை செய்திருந்தால் குறைந்தது 28 நாள் விட வேண்டும்.

இந்த முறை ஆசிட் ஊற்றியபோது தரை முழுக்க ஒரே சீராக நுரைத்தது. எனக்குக் கோயில் திருவிழா பார்த்ததுபோல் இருந்தது. ஒரு பங்கு ஆசிடுக்கு மூன்று பங்கு தண்ணீர். எப்போதும் தண்ணீரில்தான் ஆசிடை ஊற்ற வேண்டும், ஆசிடில் தண்ணீரை ஊற்றினால் கொதித்து முகத்தில் தெறிக்கும். கண்ணாடி, ரப்பர் கையுறை, பூட்ஸ் மூன்றும் கட்டாயம். பாசி போகட்டும் என்று முன்பே பிளீச்சிங் பவுடர் போட்டுத் தேய்த்திருந்தால் அதைச் சொட்டு மிச்சமில்லாமல் கழுவிவிட்டுத்தான் ஆசிடைத் தொட வேண்டும். இரண்டும் சேர்ந்தால் கிளம்புவது குளோரின் வாயு, குழிக்குள் அது உயிருக்கே ஆபத்து. நுரை அடங்கியதும் கட்டை விளக்குமாறு போட்டுத் தேய்த்து, சோடா சாம்பல் கரைத்த தண்ணீரால் ஆசிடை அடக்கி, மறுபடி இரண்டு முறை கழுவினோம். காய்ந்த பிறகு கையால் தடவிப் பார்த்தால் நடுத்தர உப்புத்தாள்போல் இருக்க வேண்டும், ஒரு கரண்டி தண்ணீர் தெளித்தால் உருண்டு நிற்காமல் உறிஞ்சப்பட வேண்டும்.

அடுத்து காய்வது. கண்ணுக்குக் காய்ந்துவிட்டது, கைக்கும் காய்ந்துவிட்டது. பெரியவர் இரண்டடிச் சதுரத்தில் பிளாஸ்டிக் தாளைத் தரையில் விரித்து நான்கு ஓரமும் டேப் ஒட்டச் சொன்னார். சாயங்காலம் ஒட்டி மறுநாள் மதியம் எடுத்துப் பார்த்தோம். சுவரிலும் ஆழமில்லாத பக்கத்திலும் ஒன்றுமில்லை. ஆழமான மூலையில் தாளின் அடியில் வியர்த்திருந்தது. அந்த மூலைக்காக இன்னும் ஐந்து நாள் காத்திருந்து மறுபடி ஒட்டிப் பார்த்தோம். பெயிண்டர் அண்ணனுக்குப் பொறுமை போய்விட்டது. "சார், இப்படிப் பார்த்தா கத்திரியே முடிஞ்சிடும்" என்றார். ஆமாம், இந்த முறையும் அதே ஆளைத்தான் கூப்பிட்டேன். அவரும் நானும் ஒரே பள்ளத்தில் விழுந்தவர்கள், இன்னொருவரை அழைத்து முதலிலிருந்து சொல்லிக் கொடுக்க எனக்குத் தெம்பில்லை.

பெயிண்ட் வாங்கும்போது இந்த முறை டப்பாவைப் பார்க்கவில்லை, அதன் தொழில்நுட்பத் தாளைக் கேட்டு வாங்கிப் படித்தேன். தண்ணீருக்குள் முழுக மூழ்கியிருக்கும் இடத்துக்கு, குளோரின் தண்ணீருக்கு என்று அதில் எழுதியிருக்க வேண்டும். எத்தனை லிட்டர் வாங்குவது என்பதற்கும் அதிலேயே வழி இருக்கிறது. திடப்பொருள் கன அளவில் எத்தனை சதவீதம் என்று போட்டிருப்பார்கள், காய்ந்த பிறகு எத்தனை மைக்ரான் (ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) தடிமன் வேண்டும் என்றும் இருக்கும். சதவீதத்தைப் பத்தால் பெருக்கி மைக்ரானால் வகுத்தால் ஒரு லிட்டர் எத்தனை சதுர மீட்டருக்கு வரும் என்று தெரிந்துவிடும். எங்களுடையது 60 சதவீதம், 100 மைக்ரான். அப்படியானால் லிட்டருக்கு 6 சதுர மீட்டர். குளத்தின் தரையும் சுவரும் சேர்ந்து கிட்டத்தட்ட 55 சதுர மீட்டர். ஒரு கோட்டுக்கு ஒன்பது லிட்டருக்கு மேல், சொரசொரப்புக்கும் சேதாரத்துக்கும் சேர்த்து பன்னிரண்டு. இரண்டு கோட்டுக்கு இருபத்து நான்கு. ஜனவரியில் இரண்டு கோட்டுக்கும் சேர்த்தே பன்னிரண்டு லிட்டர்தான் வாங்கியிருந்தோம். மீதியைத் தின்னர் ஈடுகட்டியது! பிரைமரும் சேர்த்து இந்த முறை 34,000 ஆனது.

அடித்தது மே முதல் வாரம், சாயங்காலம் நாலு மணிக்கு மேல். காலையில் ஏன் கூடாது என்று கேட்டேன். வெயில் ஏற ஏற சிமெண்டின் துளைகளில் இருக்கும் காற்று விரிந்து, ஈரப் பெயிண்டைத் துளைத்துக்கொண்டு வெளியே வரும், ஊசி குத்தினதுபோல் ஓட்டை விழும். சூடு இறங்குகிற நேரத்தில் அடித்தால் பெயிண்ட் உள்ளே இழுக்கப்படும். எபாக்சி இரண்டு டப்பாவாக வரும், பேஸ் ஒன்று, ஹார்ட்னர் ஒன்று. கண்ணளவில் கலக்கவே கூடாது. தாளில் உள்ள விகிதப்படி அளந்து, டிரில்லில் கலக்கும் கம்பியை மாட்டி, டப்பாவின் அடி மூலை வரை கலக்கி, அதில் சொன்னபடி இருபது நிமிடம் வைத்துவிட்டு எடுத்தோம். கலந்த நிமிடத்திலிருந்து கடிகாரம் ஓட ஆரம்பிக்கும். மே மாதச் சூட்டில் டப்பா கைக்குச் சுடும், சீக்கிரமே கூழாகும். அதனால் சின்னச் சின்ன அளவாகக் கலந்தோம். கூழானதைத் தின்னர் ஊற்றி இளக்கினால் பார்வைக்குப் பெயிண்டுபோல் இருக்கும், ஒட்டாது. ஜனவரியில் நாங்கள் அதைத்தான் செய்திருந்தோம். ஒரு கால் வாளி வீணானபோது அண்ணன் என்னைப் பார்த்தார். கொட்டிவிடுங்கள் என்றேன். மனசு அடித்துக்கொண்டது.

பெரியவர் தன் பழைய இரும்புச் சீப்பைக் கொண்டுவந்திருந்தார். தீப்பெட்டி அளவுதான். ஓரத்தில் பற்கள், ஒவ்வொன்றுக்கும் ஓர் எண். ஈரப் பெயிண்டில் அழுத்தி எடுத்தால் எந்தப் பல் வரை பெயிண்ட் ஒட்டியிருக்கிறதோ அதுதான் தடிமன். 60 சதவீதப் பெயிண்ட் காய்ந்து 100 மைக்ரான் வர, ஈரத்தில் 165க்கு மேல் இருக்க வேண்டும். பத்தடிக்கு ஒருமுறை அழுத்தினார், குறைந்தால் "இன்னும் ஒரு ஓட்டு" என்றார். மறுநாள் பார்த்தால் முதல் கோட்டின் மேல் மெழுகு தடவினதுபோல் ஒரு பிசுக்கு. கடற்கரை ஈரக்காற்றில் ஹார்ட்னர் செய்கிற வேலை அது. தெரியாமல் அதன் மேலேயே அடுத்த கோட் அடித்தால் இரண்டுக்கும் ஒட்டுறவு இருக்காது. சோப்புத் தண்ணீரும் ஸ்பாஞ்சுமாகத் துடைத்து, நல்ல தண்ணீரில் கழுவி, காயவிட்டு, சாயங்காலம் இரண்டாவது கோட். அதையும் ரொம்ப நாள் தள்ளக் கூடாது. எங்கள் பெயிண்டுக்கு 12 மணி நேரத்துக்கு மேல், மூன்று நாளுக்குள். தாண்டினால் மறுபடி உப்புத்தாள். படிக்கட்டில் மட்டும் ஈரமாக இருக்கும்போதே மெல்லிய சிலிக்கா மணலைத் தூவினோம், வழுக்காமல் இருக்க.

அதன் பிறகு தண்ணீர் விடாமல் குறைந்தது ஏழு நாள். நான் பத்து நாள் விட்டேன். நான்காம் நாள் ராத்திரி கோடை மழை பெய்தது. டார்ச் பிடித்துக்கொண்டு குளத்தில் இறங்கித் துணியால் ஒற்றி எடுத்தேன். மகள் ஜன்னல் வழியாகப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். மழைத்துளி விழுந்த இடங்களில் சின்ன வெள்ளைத் தடம் இன்னும் இருக்கிறது, கெடுதல் இல்லை.

இரண்டாம் முறைக்கு அடித்த கூலி 15,000, தண்ணீர் 6,000, ஆசிட் முதலான சில்லறை 2,000 என்று மொத்தம் 76,000 ஆனது. டைல்ஸ்காரர் சொன்ன ஒன்றரை லட்சத்தை இப்போதெல்லாம் அடிக்கடி நினைத்துக்கொள்கிறேன், அதிலும் பழைய பெயிண்டைச் சுரண்டுகிற செலவு சேர்ந்திருக்காது என்று சொல்லி மனதைத் தேற்றிக்கொள்கிறேன். ஒன்றரை வருடம் ஆகிவிட்டது. ஒரு கொப்புளம் இல்லை. தண்ணீர் மட்டத்துக்கு மேலே வெயில் படும் பட்டையில் மட்டும் விரலால் தேய்த்தால் மாவுபோல் வருகிறது. எபாக்சிக்கு வெயில் ஆகாது, இதை எந்தக் கடைக்காரரும் முந்திக்கொண்டு சொல்வதில்லை. தண்ணீரின் அமிலத்தன்மை கூடினாலும் இதே மாவு உள்ளேயும் வரும் என்பதால் பிஎச் 7.2க்கும் 7.6க்கும் நடுவில் வைத்துக்கொள்கிறேன். குளோரின் மாத்திரையைத் தரையில் போடுவதில்லை, தூளாக இருந்தால் வாளியில் கரைத்துத்தான் ஊற்றுகிறேன். நேராக விழுந்தால் விழுந்த இடம் வெளுத்துப்போகும்.

மோட்டார் அறைச் சுவரில் மார்க்கர் பேனாவால் எழுதி வைத்திருக்கிறேன்: எபாக்சி, இரண்டு கோட், எந்த மாதம், பெயிண்டின் முழுப் பெயர், டப்பாவில் இருந்த எண், அன்று கிணற்றில் தண்ணீர் இருந்த ஆழம். முன்பு இந்த வீட்டில் இருந்தவர் அந்தச் சுவரில் பால்காரர் கணக்கை மட்டும்தான் எழுதியிருந்தார்.